மொட்டைக் கடிதாசியும் மொட்டை எண்ணும்

சென்ற மாதச் செயற்குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. "பெயரும் கையெழுத்தும் இல்லாத எந்தப் புகாரையும் சங்கம் இனி ஏற்காது, சங்க வாசலில் மாட்டியுள்ள புகார்ப் பெட்டியையும் எடுத்துவிட வேண்டும்" என்பது அந்தத் தீர்மானம். வரும் பொதுக்குழுவில் அது வாக்கெடுப்புக்கு வருகிறது. அதைக் கொண்டுவந்த தோழர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் சொல்லும் மருந்து, நோயை விட்டுவிட்டு நோயாளியைக் கொன்றுவிடும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். பொறுமையோடு படியுங்கள்.

கோபத்தின் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்யும் நம் பெண் ஒருத்தியின் படம், குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், யாருக்கும் தெரியாத ஓர் எண்ணிலிருந்து வந்தது. படத்துக்குக் கீழே நான்கு வரிகள். அந்த வரிகளை இங்கே எழுதப் பேனா கூசுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது. அந்தப் பெண் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். மூன்று வாரச் சம்பளம் போயிற்று. அவள் அம்மா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வருவதைக்கூட நிறுத்திக் கொண்டார்.

மகளிர் அணித் தோழியர் அவளை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு நான்கு முறை நடந்தார்கள். கடைசியில் எண்ணுக்குரியவன் அகப்பட்டான். அவன் எங்கிருந்தோ வந்த ரவுடி அல்லன். தினமும் காலையில் அதே குழாயடியில் அந்தப் பெண்ணை "அக்கா" என்று அழைத்து, அவள் குடத்தை நகர்த்தி வைத்து உதவி செய்யும் பையன்தான். "ஏண்டா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டபோது அவன் சொன்ன பதில் இது: "யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சேன்."

தோழர்களே, அந்தப் பதிலைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அவனுக்கு அந்தப் பெண்ணின் மேல் பகை இல்லை. 'நான் யார் என்று தெரியாது' என்ற நினைப்பு ஒன்றே நேற்றுவரை இல்லாத ஒருவனை அவனுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

இது நம் தெருவுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உளவியல் அறிஞர் எட் டீனரும் அவருடைய தோழர்களும் செய்த சோதனை ஒன்று 1976-ல் வெளியானது. அங்கே அக்டோபர் 31 இரவில் குழந்தைகள் வேடமணிந்து வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவது வழக்கம். அப்படி வந்த 1,352 குழந்தைகளிடம் "ஆளுக்கு ஒன்றுதான் எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரப் பெண் உள்ளே போய்விடுவார். சிலரிடம் மட்டும் முதலிலேயே பெயரும் வீடும் கேட்டு வைத்துக்கொண்டார். பெயர் சொல்லித் தனியாக வந்த குழந்தைகளில் கூடுதலாக எடுத்தவர்கள் நூற்றுக்கு 8 பேருக்கும் குறைவு. பெயர் சொல்லாமல் தனியாக வந்தவர்களில் 21 பேர். பெயர் சொல்லிக் கூட்டமாக வந்தவர்களிலும் ஏறக்குறைய 21 பேர்தான். பெயரும் சொல்லாமல் கூட்டமாகவும் வந்தவர்களிலோ 57 பேர்!

இந்தக் கணக்கை நன்றாகக் கவனியுங்கள். முகமூடி தனியாகச் செய்த கேடும், கூட்டம் தனியாகச் செய்த கேடும் கிட்டத்தட்டச் சமம். இரண்டும் சேர்ந்தபோதுதான் பாதிக்கு மேற்பட்ட கைகள் பாத்திரத்துக்குள் போயின. 'கூட்டத்தோடு கோவிந்தா' என்று நம் மக்கள் சும்மாவா சொன்னார்கள்? வாட்ஸப் குழுவில் ஊர் பேர் தெரியாத செய்தி ஒன்று வந்து, அதை நாமும் ஒருவருக்குத் தள்ளிவிடும்போது, முகமூடி, கூட்டம் இரண்டுமே நம்மிடம் சேர்ந்துவிடுகின்றன. "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது முகமூடி. "எல்லோரும் அனுப்பினார்கள்" என்பது கூட்டம்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்பதை நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2012 ஆகஸ்டில், "வடகிழக்கு மக்களைத் தாக்கப் போகிறார்கள்" என்று ஆளில்லாத குறுஞ்செய்திகள் இதே பெங்களூரில் பறந்தன. ஓட்டல்களிலும் காவலாளி வேலையிலும் இருந்த பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளோடு குவாஹாட்டி ரயில் ஏறினார்கள். நாடு முழுதும் ஒருவர் நாளொன்றுக்கு 5 குறுஞ்செய்திக்கு மேல் மொத்தமாக அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு தடை போட வேண்டி வந்தது. 2018 மே மாதம் "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற வாட்ஸப் வதந்தியால், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞன் சாம்ராஜ்பேட்டையில் அடித்துக் கொல்லப்பட்டான். அதே மாதம் நம்மில் பலருக்குச் சொந்த மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடப் போன 65 வயதுத் தாய் ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அடித்த கைகளுக்கு முகம் உண்டு, வழக்கும் உண்டு. அந்த வதந்தியை முதலில் எழுதிய கைக்கு முகம் ஏது?

அயலூரில் நாம்தான் எப்போதும் அடிபடுகிறவர்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. தமிழ்நாடு காவல்துறை விசாரித்துச் சொன்னது என்ன? ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள்ளேயே நடந்த மோதல். மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. ஆனாலும் எத்தனையோ தாய்மார்கள் பீகார்க் கிராமங்களில் தூக்கமின்றிக் கிடந்தார்கள். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிக் கலவரத்தின்போது ஊரில் நம் பெற்றோர் எப்படித் தவித்தார்களோ, அதே தவிப்புத்தான். மொழி வேறு, வயிறு ஒன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் தீர்மானம் சரிதானே? பெயரில்லாததை எல்லாம் ஒழித்துவிடுவோமே!" என்று கேட்பீர்கள். இங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

அந்தப் படம் வருவதற்கு எட்டு மாதம் முன்னால் நம் புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. பள்ளி நோட்டில் கிழித்த காகிதம். கையெழுத்து இல்லை. ஓர் ஆலையின் பெயரைச் சொல்லி, அங்கே ஒரு சூப்பர்வைசர் பெண்கள் கழிப்பறைக்குப் போவதைக்கூடக் கணக்கெடுக்கிறார், தனியாக இருக்கும் பெண்களிடம் கை நீட்டுகிறார், கேட்டவர்களுக்கு மறுநாள் வேலை இல்லை என்று எழுதியிருந்தது. நாம் அதை நம்பிவிடவும் இல்லை, குப்பையில் போடவும் இல்லை. மகளிர் அணித் தோழியர் அந்த ஆலைப் பெண்களைத் தனித்தனியாக அவரவர் வீட்டில் சந்தித்துக் கேட்டார்கள். ஒருத்தி சொன்னதையே மற்றவர்களும் சொன்னார்கள். பிறகுதான் நிர்வாகத்திடம் போனோம். சட்டப்படி இருந்திருக்க வேண்டிய விசாரணைக் குழு அதற்குப் பிறகுதான் அங்கே வந்தது. அந்த சூப்பர்வைசர் இப்போது அங்கே இல்லை.

அந்தச் சீட்டை எழுதியவர் யார்? எனக்கு இன்றுவரை தெரியாது. பெயரெழுதித்தான் போட வேண்டும் என்று நாம் அன்றைக்குச் சொல்லியிருந்தால், அந்தச் சீட்டே வந்திருக்காது. வாரக் கடைசிச் சம்பளத்தை நம்பி வாடகை கட்டுகிறவளிடம் "தைரியமாகப் பெயரைப் போடு" என்று சொல்வது சுலபம். வேலை போனால் அடுப்பை நாமா மூட்டப் போகிறோம்?

பெயர் வெளியானால் என்ன நடக்கும் என்ற அச்சம் கற்பனை அல்ல. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றிப் பொறியாளர் சத்யேந்திர துபே 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை ரகசியமாக வைக்கும்படி வேண்டிக் கொண்டார். கடிதமோ பெயரோடு மேசை மேசையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காரர்கள் செய்தது என்று வழக்கு முடிந்தது. ஆனால், 'ரகசியம் காக்கச் சொன்ன பெயரை ஏன் காக்கவில்லை?' என்று நாடு கேட்ட கேள்வி முடியவில்லை.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். நம்மில் பலர் ஊரைவிட்டு வந்தது வயிற்றுக்காக மட்டுமா? ஊரில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். "யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்துத்தான் டீக்கடையில் எந்தக் குவளை என்று முடிவாகும். மெஜஸ்டிக்கில் வந்து இறங்கிய அன்று எந்த டீக்கடைக்காரரும் நம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. காசை வாங்கினார், கண்ணாடி டம்ளரில் டீயைக் கொடுத்தார். முகம் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அன்றே நாம் அனுபவித்தோம். கிராமத்தைப் புகழ்ந்தவர்களை 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் ஏன் அவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பது நமக்குப் புரியும்.

ஆகவே முகமூடியே குற்றம் என்று சொல்ல முடியாது. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. பெட்டியில் விழுந்த சீட்டு, தன்னைவிட வலிமையானவனைப் பற்றிப் பேசியது. விசாரிக்கக்கூடிய ஓரிடத்துக்கு மட்டும் வந்தது. "விசாரியுங்கள்" என்று கேட்டது. குழுவில் வந்த படமோ, தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத ஒருத்தியைக் குறிவைத்தது. விசாரிக்க முடியாத கூட்டத்துக்கு வந்தது. விசாரணை வேண்டாம், தீர்ப்பு இதோ என்றது. இரண்டும் மொட்டைதான். ஆனால் ஒன்று குரலற்றவளின் குரல். மற்றொன்று கோழையின் கல்.

எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று சட்டமே போட்டுப் பார்த்த நாடு உண்டு. தென்கொரியாவில் பெரிய இணையத் தளங்களில் கருத்து எழுதுவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்ற விதி 2007-ல் வந்தது. வசவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 2011-ல் ஒரே திருட்டில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி பேரின் விவரங்கள் பறிபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியை ஒருமனதாக ரத்து செய்தது. சொந்தப் பெயர் ஒருவனை யோக்கியனாக்கிவிடாது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 2016 செப்டம்பரில், முகநூலில் எழுதியதற்காக ஒரு தமிழ் மாணவன் இங்கே தேடிப் பிடித்து அடிக்கப்பட்டான். அதை வீடியோ எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். அடித்தவர்களுக்குக் கூட்டமே முகமூடியாக இருந்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்? தீர்மானத்துக்கு மூன்று திருத்தங்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எந்த வீட்டுக்குரியது என்று குழுவை நடத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத எண்ணுக்கு அங்கே இடமில்லை. ஒருவரைப் பற்றிய படமோ பழியோ வந்தால், அதை மேலே அனுப்பியவரும் எழுதியவரோடு சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். 2018-ல் ஒரு செய்தியை 5 இடங்களுக்கு மேல் ஒரே நேரத்தில் தள்ள முடியாதபடி வாட்ஸப் நிறுவனமே இந்தியாவில் வரம்பு வைத்தது. நமக்கு நாமே வைக்கும் வரம்பு அதைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

இரண்டு: புகார்ப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் சாவி மகளிர் அணியிடம் இருக்கட்டும். உள்ளே வருவது விசாரணைக்கு முன் எந்தக் குழுவிலும், எந்தத் திண்ணையிலும் பேசப்படக் கூடாது. விசாரித்துப் பொய் என்று தெரிந்தால் அங்கேயே கிழித்துப் போட வேண்டும்.

மூன்று: பெயர் சொல்லிப் புகார் தரத் துணிகிறவரின் பெயர், விசாரிப்பவரைத் தாண்டிப் போகக் கூடாது. வேலையிடத்துப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013-ன் 16-ஆம் பிரிவு சொல்வதும் இதுவே. தெரிய வேண்டியவருக்குத் தெரியட்டும். தெருவுக்குத் தெரிய வேண்டாம்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் நம் கை நம்முடையது. அடுத்த முறை யாரோ ஒருவரைப் பற்றி ஏதோ ஒன்று கைப்பேசியில் வந்து விழும்போது, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'இதை நாளைக் காலை குழாயடியில், அவர் முகத்தைப் பார்த்து, என் பெயரைச் சொல்லி நான் சொல்வேனா?' மாட்டேன் என்றால், விரலை எடுத்துவிடுங்கள்.

கடைசியாகத் தீர்மானத்தைக் கொண்டுவந்த தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்ற நிர்வாகிகள் தேர்தலில், "கை தூக்கும் முறை வேண்டாம், யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்தால் சிலர் பயப்படுவார்கள், சீட்டுப் போடும் முறைதான் வேண்டும்" என்று வாதாடி வென்றவர்கள் நீங்கள்தான். அன்று நீங்கள் சொன்னது சரி. அதே காரணத்துக்காகத்தான் அந்தப் பெட்டியும் அங்கே தொங்க வேண்டும் என்கிறேன். பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தையும் சீட்டுப் போட்டே முடிவு செய்வோம். அந்தப் பெண்ணும் அன்று வருகிறாள். மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அவளும் ஒரு சீட்டுப் போடுவாள். அதில் என்ன எழுதினாள் என்று யாரும் கேட்க மாட்டோம்.