மூச்சுப் பயிற்சி சகிப்புக்கான மருந்தன்று

மூச்சுப் பயிற்சியும் தியானமும் மனத்தை வெறுமையாக்கும் கலைகள் என்றும், ஓய்வும் தனிமையும் உடையோருக்கே அவை கைகூடும் என்றும், கைகூடியபின் புறச்சூழலின் கேடுகள் ஒருவரைத் தீண்டா என்றும் பரவலாக நம்பப்படுகிறது. பாலாற்றை ஒட்டி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தின் வாழ்வோடு வைத்து ஆராய்ந்தால், இம்மூன்று கூற்றுகளும் நிலைபெறா.

முதலாவது, மனத்தை வெறுமையாக்குதல் என்னும் கூற்று. உள்வரும் மூச்சையும் வெளிச்செல்லும் மூச்சையும் அறிந்திருக்கும் 'ஆனாபானசதி' என்ற பௌத்தப் பயிற்சி எண்ணங்களை அழிக்கச் சொல்வதில்லை. மனம் விலகியதை உணர்ந்து அதை மூச்சுக்குத் திருப்புவதையே அது பயிற்சியாகக் கொள்கிறது. திருமந்திரமோ உள்ளிழுத்தலாகிய பூரகத்துக்கு 16, உள்நிறுத்தலாகிய கும்பகத்துக்கு 64, வெளிவிடுதலாகிய இரேசகத்துக்கு 32 மாத்திரை என அளவு வகுக்கிறது. இவ்வளவை வழுவாமல் காக்கும் மனம் விழித்திருக்கும் மனமேயன்றி வெறுமையான மனம் ஆகாது.

இரண்டாவது, ஓய்வுடையோருக்கே உரியது என்னும் கூற்று. நடத்தல், உண்ணுதல், கைகால்களை மடக்குதல், நீட்டுதல் ஆகிய அன்றாடச் செயல்களையும் பௌத்த மரபு விழிப்புப் பயிற்சிக்குள் அடக்குகிறது. சூஃபியரில் நக்ஷபந்தி நெறியினர், ஒவ்வொரு மூச்சிலும் விழிப்போடிருக்கும் 'ஹோஷ் தர் தம்' என்பதோடு, கூட்டத்தின் நடுவிலும் உள்ளத்தால் தனித்திருக்கும் 'கல்வத் தர் அஞ்சுமன்' என்பதையும் தம் கொள்கைகளுள் வைத்துள்ளனர். தோலில் ஊசி தவறாக இறங்கினால் அத்துளை மறையாது என்பதால், ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் மேற்பாகங்களைத் தைக்கும் பெண்கள் ஏற்கெனவே கூர்ந்த கவனத்தில் வாழ்பவர்கள். அவர்களுக்குத் தியானம் எட்டாதது என்பது அறியாமை.

மூன்றாவது கூற்றே மிகுந்த தீங்குடையது. பதனிடுமுன் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கப்படுகிறது. அக்கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு வெளிப்படும். முதலில் அழுகிய முட்டையின் நாற்றமாகத் தெரியும் அவ்வாயு, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கு என்ற அளவை எட்டும்போது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்கிறது. ஆகவே எத்துணைத் தேர்ந்த தியானியாயினும் தன் மூச்சில் கலந்த நஞ்சை அந்நிலையில் முகர்ந்து அறிய இயலாது. மூச்சை ஆழமாக இழுத்தல் நுரையீரலைத் தூய்மையாக்கும் என்பதும் இங்குப் பொருந்தாது. ஆழ்ந்த மூச்சு மாசையும் ஆழமாகவே கொண்டுசேர்க்கும். இத்தகைய ஆபத்தைத் தடுக்கவே 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, நச்சு வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஒருவர் இறங்குமுன் அவ்வாயுவை அகற்ற இயன்ற வழிகளையெல்லாம் செய்யவேண்டும் என்றும், காற்றைச் சோதித்த தகுதியாளரின் எழுத்துச் சான்றேனும், சுவாசக் கருவியும் வெளியிலுள்ளவர் பிடித்த கயிற்றோடு இணைந்த இடைவாரும் ஆகிய காப்பேனும் வேண்டும் என்றும் வகுத்தது.

மூச்சைக் கவனிப்பதன் பயன், உடலும் மனமும் எய்தும் மாற்றங்களை உடனுக்குடன் உணர்ந்து, தக்கதைத் தெளிவோடு செய்ய முடிவதாகும். தலைசுற்றலையும் மூச்சுமுட்டலையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பயிற்சி அந்நோக்கத்துக்கே மாறானது. அவற்றை உடனே அறிந்து பணியை நிறுத்தக் கற்பிப்பதே உண்மையான பயிற்சி. ஆனால் மாசை நீக்கும் பொறுப்பு தொழிலாளருடையதன்று. தோல் ஆலைக் கழிவு குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தொழிலாளர்க்குத் தியானம் கற்பிக்க முன்வருவோர், அதற்கு முன்பாக அவர்கள் மூச்சுவிடும் காற்றைத் தூய்மையாக்கும் கடமையை ஏற்கவேண்டும்.