மூச்சுப் பட்ட கண்ணாடி

சென்ற விடுமுறையில் குளிர்சாதன ரயில் பெட்டியில் இரவெல்லாம் பிரயாணம் செய்து, விடியற்காலையில் எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினோம். இறங்கிய மாத்திரத்தில் உலகம் மறைந்துவிட்டது! எதிரே நிற்பவர் போர்ட்டரா, நம்மை அழைத்துப் போக வந்த மைத்துனரா என்று தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி முழுவதும் வெண்புகை. மேல்துண்டினால் துடைத்தோம், மறுபடியும் படிந்தது. இரண்டு நிமிஷம் சும்மா நின்றோம், தானாகவே தெளிந்தது.

இந்த அற்ப அனுபவத்தை வகுப்பில் சொன்னபோது, பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஸார், பனி தேசத்தில் துப்பாக்கிக்கு மேலே வைக்கிற ஸ்கோப் கண்ணாடிக்கும் இப்படித்தானே ஆகும்? அங்கே இரண்டு நிமிஷம் சும்மா நிற்க முடியுமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. விடை தேடியதில் நாம் அறிந்துகொண்டதை வாசகர்களுக்கும் சொல்லுகிறோம்.

காற்றில் எப்போதும் கண்ணுக்குப் புலப்படாத நீராவி கலந்திருக்கிறது. உஷ்ணமான காற்றில் அது மிகுதியாகத் தங்கும். குளிர்ந்த காற்றில் தங்காது. 20 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 17 கிராம் வரையில் நீராவி இருக்கலாம்; பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஏறக்குறைய 1 கிராம்தான். ஆகவே, வெதுவெதுப்பான ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டால், மிஞ்சியதை அதன்மேல் இறக்கி வைத்துவிடுகிறது. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். குற்றம் குளிரின் மேல் இல்லை. குளிர்ந்த பொருளின் அருகில் நாம் கொண்டு போகும் வெதுவெதுப்பின் மேல்!

1939 நவம்பர் 30-ந் தேதி சோவியத் ருஷ்யா பின்லாந்தின்மீது படையெடுத்தது. 1940 மார்ச் 13 வரையில் நடந்த அந்தக் குளிர்கால யுத்தத்தில் ஸிமோ ஹாய்ஹா என்னும் குடியானவர் 'கொல்லா' என்ற போர்முனையில் நின்றார். (பெயரைத் தமிழென்று கொண்டு ஏமாற வேண்டாம், அங்கே மாண்டவர்கள் ஏராளம்.) குறி தவறாதவர் என்று உலகப் பிரசித்தி அடைந்த அவர், தம் துப்பாக்கியில் ஸ்கோப்பே வைத்துக்கொள்ளவில்லை. சாதாரண இரும்புக் குறியே போதும் என்றிருந்தார். ஸ்கோப் வைத்தால் தலையைச் சற்று உயர்த்த வேண்டும். வெயிலில் கண்ணாடி பளிச்சிட்டு ஆளைக் காட்டிக் கொடுக்கும். கடுங்குளிரில் பனி மூடிக் கண்ணை மறைக்கும். இவையே காரணங்கள். மூச்சின் ஆவி வெளியே தெரியாதிருக்க வாயில் பனியை அடக்கிக்கொள்வார் என்றும் சொல்லுகிறார்கள்.

அந்த யுத்தம் ஓய்ந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று பின்லாந்துக் காடுகளில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடுகிறவர்கள் ஸ்கோப்பை நம்பியே போகிறார்கள். பனி மூடாமல் அதைக் காப்பது எப்படி?

முதலில் குழாயின் உட்புறம். 1940-களின் பிற்பகுதியிலிருந்து, ஈரக் காற்றை வெளியேற்றிவிட்டு உலர்ந்த நைட்ரஜன் வாயுவை நிரப்பி, ரப்பர் வளையங்களால் இறுக அடைக்கும் முறை பரவலாயிற்று. ஈரமில்லாத இடத்தில் பனி ஏது? இவ்வாறு அடைத்த ஸ்கோப்பின் உள்ளே மங்கல் கண்டால், அடைப்புப் பழுதுபட்டது என்று அர்த்தம். அதைக் கைதேர்ந்தவரிடம் கொடுக்க வேண்டுமேயன்றி, நாமே திருகித் திறக்கலாகாது.

வெளிப்புறத்துக்கு மனிதனின் ஜாக்கிரதையே மருந்து. வேட்டைக்காரன் இரவில் குடிசைக்குத் திரும்பியதும், பாவம் துப்பாக்கி என்று அடுப்பருகே கொண்டு வைத்தால், கண்ணாடி மட்டுமல்ல, குழலும் விசையும்கூட நனைந்துவிடும். மறுநாள் குளிரில் அந்த ஈரம் உறைந்து விசையே நகராமற் போகும். ஆதலால் குண்டுகளை அகற்றிவிட்டு, துப்பாக்கியை வெப்பமூட்டாத அறையில் பூட்டி வைப்பதே முறை. வீட்டுக்குள் கொண்டு வந்தே தீரவேண்டுமென்றால், வெளியில் நிற்கும்போதே காற்றுப் புகாத உறையில் போட்டு மூடிவிட வேண்டும். உள்ளே வந்தபின் பனி உறையின்மேல் படியும். துப்பாக்கி உலர்ந்தே இருக்கும். அதுவும் அறையின் உஷ்ணத்தை அடைந்த பிறகே, சில மணி நேரம் கழித்து, உறையைத் திறக்க வேண்டும்.

காட்டில் இருக்கும்போது, தேவைப்படும் வரையில் ஸ்கோப்பை மூடியால் மூடி வைக்க வேண்டும். கழுத்துத் துணியை முகத்தின்மேல் இழுத்துக் கட்டினால் மூச்சு மேல்நோக்கிச் சென்று கண்ணாடியில் படும். கீழ்நோக்கிப் போகும்படி கட்ட வேண்டும். நம் மூக்குக் கண்ணாடியை 'ஹா' என்று ஊதித் துடைக்கிறோமே, அந்த வழக்கம் அங்கே அடியோடு ஆகாது. ஊதியது கண்ணிமைப்பில் உறைபனியாகிவிடும். மெல்லிய தூரிகையால் பனித் தூளைத் தட்டிவிடலாம். நகத்தால் சுரண்டக் கூடாது. பனி படியாமலிருக்கப் பூசும் திரவங்களும் உண்டு. அவை நீர்த்துளிகளை மெல்லிய படலமாகப் பரப்பிக் கண்ணை மறைக்காமல் செய்கின்றன. ஆனால் கடுங்குளிரில் அந்தப் படலமே உறைந்துபோகக் கூடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் கண்ணாடி மங்கத்தான் செய்யும். அப்பொழுது மரங்களுக்கிடையே ஏதோ அசைகிறது. மானாக இருக்கலாம், மானைக் கலைத்து ஓட்டிவரும் தோழனாகவும் இருக்கலாம். ஸ்டேஷனில் நாம் போர்ட்டரை மைத்துனர் என்று எண்ணியிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். காட்டில் அப்படிப் போகாது. அங்கே விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மான் போனால் போகட்டும்.

மறுநாள் வகுப்பில் இந்த விடையை அந்தப் பையனிடம் சொன்னோம். "அப்படியானால் அங்கேயும் இரண்டு நிமிஷம் சும்மா நிற்கத்தான் வேண்டும், ஸார்!" என்றான்.

ஆம், வேறு வழியில்லை.