ஒரே கடைக்கு இரண்டு பேரேடு வேண்டாம்

பில் போடும் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. மாட்டும் வழக்கம் கடைதோறும் பரவியிருக்கிறது. சர்வீஸ்காரர் வருகிறார், விண்டோஸையும் கணக்கு மென்பொருளையும் அப்படியே புதிய டிஸ்க்கில் நகல் எடுக்கிறார், கூலி வாங்கிக்கொண்டு போகிறார். பழைய டிஸ்க்கை மட்டும், "காசு கொடுத்து வாங்கியதுதானே, உள்ளேயே கிடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்தச் சிக்கனம் ஆகாது என்பதே நம் கருத்து.

நகல் எடுத்த பிறகு இரண்டு டிஸ்க்கிலும் இயங்கக்கூடிய விண்டோஸ் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது என்பதை 'பயாஸ்' அமைப்பில் உள்ள வரிசை தீர்மானிக்கிறது. மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்தால், பல இயந்திரங்களில் அந்த வரிசை மாறிவிடும். ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் பழைய டிஸ்க்கிலிருந்து திறக்கும். திரையும் அதே, மென்பொருளும் அதே. பில் போடும் பையனுக்கு வித்தியாசம் தெரியாது. நகல் எடுத்த அன்று நின்ற எண்ணிலிருந்து பில் மறுபடி ஓடும். இருப்பும் பாக்கியும் இரண்டு இடத்தில் பிரிந்து நிற்கும்.

ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி பில் எண் தொடர்வரிசையில் வர வேண்டும். ஒரு நிதியாண்டில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. அதிகாரி கேட்கும்போது, "டிஸ்க் மாறிவிட்டது" என்பது பதிலாகுமா?

"பழையது ஒரு நகலாக இருக்கட்டுமே" என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஒரே பெட்டிக்குள் இருப்பது நகலாகாது. மின்சாரம் ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகலாம்.

அதற்காக உடனே அழித்துவிடவும் கூடாது. பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போதே புதியதில் விண்டோஸ் ஏற்றினால், தொடங்கும் பகுதி பழையதிலேயே தங்கிவிடுவதுண்டு. அதை அழித்தால் இயந்திரம் திறக்காது.

எனவே, கூலி கொடுக்கும் முன்பே கம்ப்யூட்டரை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றச் சொல்லுங்கள். புதியது மட்டும் இருக்கும்போது திறக்கிறதா, கடைசி பில் எண், இருப்பு, பாக்கி சரியா என்று பாருங்கள். பழையதில் தேதி எழுதி ஒட்டி, அந்த மாத ரிட்டர்ன் தாக்கலாகும் வரை பீரோவில் வையுங்கள். பின்னர் முழுமையாக அழிக்கச் சொல்லுங்கள். விரைவு ஃபார்மேட் போதாது. நம் கொள்முதல் விலையும் வாடிக்கையாளர் பாக்கியும் அதில் இருக்கின்றன. அழிக்காமல் யாருக்கும் விற்கவோ, மாற்றாகக் கொடுக்கவோ வேண்டாம்.

ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கச் சட்டம் சொல்கிறது. அதற்குத் தினசரி நகலைக் கடைக்கு வெளியே வைப்பதே வழி. கம்ப்யூட்டரில் தேதி தவறாகக் காட்டினால், அன்று முதல் பில் போடும் முன் எந்த டிஸ்க்கிலிருந்து திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.