பெயரில் ஒளிந்த சரக்கு
மதுவின் பெயரைச் சோடாவுக்கும் பான் மசாலாவின் பெயரை ஏலக்காய்ப் பொட்டலத்துக்கும் சூட்டி வெளியாகும் மறைமுக விளம்பரங்கள், மத்திய அரசு 2022 ஜூன் 9-இல் நெறிமுறைகள் வெளியிட்டுத் தடை விதித்த பிறகும் ஒழிந்தபாடில்லை. கண்ணுக்குத் தெரியாமலே ஆழ்மனத்தில் பதியும் விளம்பரம் என்று அமெரிக்கச் சந்தை ஆய்வாளர் ஜேம்ஸ் விக்காரி 1957-இல் கிளப்பிவிட்ட பரபரப்பு வெறும் புரட்டு. மறைமுக விளம்பரமோ கண்ணெதிரே நடப்பது. மாகறல் போன்ற சிற்றூரில் நாளிதழ் புரட்டும் சிறுவனுக்கும் அந்தப் பெயரின் எழுத்து வடிவமே சரக்கை நினைவூட்டும். தடையை மீறும் நிறுவனத்துக்கு 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. ஆனால் வெறும் பெயரை மட்டும் பயன்படுத்துவது குற்றமல்ல என்று அதே நெறிமுறைகள் வாசலைத் திறந்து வைக்கின்றன. வழக்கமான தொழில்முறையில் வெளியிட்டதாக நிரூபித்தால், பத்திரிகையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தப்பலாம். இவ்விரு சலுகைகளும் நீக்கப்பட வேண்டும். அதுவரை காத்திராமல், வருவாய் குறைந்தாலும், இவ்விளம்பரங்களை நாளிதழ்கள் மறுக்க வேண்டும்.