ஃபோர்-வீல் டிரைவ் இருந்தும் கரிசலில் வண்டி சிக்குவது ஏன்? முன் லாக்கர், பின் லாக்கர் - எது தேவை?

திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையில் பாடாலூர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ரோட்டை விட்டு வயல் பாதையில் இறங்கினால் கரிசல் மண். வெயிலில் வெடித்துப் பாறை மாதிரி கிடக்கும் அதே மண், வடகிழக்குப் பருவமழை பெய்தால் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும் சகதி. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் பெரம்பலூர் மாவட்டத்தில், இந்தப் பாதைகளில்தான் தினசரிப் போக்குவரத்து.

நகரத்தில் வேலை பார்த்து, ஆசையாக ஒரு ஃபோர்-வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கி, லீவுக்கு ஊருக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் காட்டுக்குப் போகும் வழியில் வண்டி புதைந்துவிடுகிறது. 'ஃபோர்-வீல் டிரைவ்னு சொல்லித்தானே வித்தாங்க, அப்புறம் ஏன் ரெண்டு சக்கரம் மட்டும் சும்மா சுத்துது?' என்ற கேள்வி அப்போதுதான் வரும். பதில் டிஃபரன்ஷியலில் இருக்கிறது.

டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது?

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அனுமதிப்பதுதான் டிஃபரன்ஷியல். தார் ரோட்டில் இது அவசியம்.

சகதியில் இதே குணம் எதிரியாகிவிடும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் கொடுக்கும். வழுக்கும் சக்கரம் 10 பங்கு விசையை மட்டுமே தாங்கினால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 10 பங்குதான். ஒன்று சும்மா சுற்றும், இன்னொன்று அசையாது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் வழுக்கினால், ஃபோர்-வீல் டிரைவ் போட்டிருந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

லாக்கர் என்பது இந்த வேறுபாட்டை நிறுத்திவிடும் பூட்டு. ஒரே ஆக்சிலில் உள்ள இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். அப்போது பிடிப்புள்ள சக்கரம் வண்டியைத் தள்ளும்.

டிராக்டரில் ஏற்கெனவே இருக்கிறது

ஊர்க்காரர்களுக்கு இது புது விஷயமே இல்லை. பெரும்பாலான டிராக்டர்களில் ஓட்டுநரின் காலடியில் டிஃபரன்ஷியல் லாக் பெடல் உண்டு. சேற்றில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் அதை மிதிப்பார்கள், நேராக ஓட்டி வெளியே வந்ததும் விட்டுவிடுவார்கள். லாக் போட்டபடி திருப்பக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த லாக் வேலை செய்வது பின் ஆக்சிலில்.

ஏன் பின் லாக்கர் முதலில்?

முதல் காரணம் எடை. மேடு ஏறும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாய்கிறது. பிடிப்பு அதிகம் இருக்கும் இடத்தில்தான் பூட்டுக்குப் பலன் அதிகம். இரண்டாவது, ஸ்டீயரிங். முன் சக்கரங்கள் பூட்டப்படாமல் இருப்பதால் திருப்புவது ஓரளவு எளிது. மூன்றாவது, உதிரிபாகம். பின் ஆக்சிலுக்கு இழுக்கும் வேலை மட்டும்தான். முன் ஆக்சிலோ இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும்.

முன் லாக்கர் போட்டால் ஸ்டீயரிங் கனமாகும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்பக்க சிவி ஜாயின்டுக்கும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் பெரிய சுமை. உடைந்தால் செலவும் பெரிது.

அப்படியென்றால் முன் லாக்கர் வீணா? இல்லை. பெரிய கல் படியில் ஏறும்போது முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கினால், மற்றதை ஏற்றிவிடுவது முன் லாக்கர்தான். மேட்டில் ரிவர்ஸில் ஏறும்போது எடை முன்பக்கம் வருவதால் அங்கும் கை கொடுக்கும். பின் லாக்கர் மட்டும் போட்டு ஆழமான சகதியில் திரும்ப முயன்றால், பின்பக்கம் நேராகத் தள்ள, முன் சக்கரங்கள் திரும்பாமல் சேற்றை உழுதுகொண்டே போகும். முன் சக்கரமும் இழுத்தால் நிலைமை மாறும். ஆனால் இதெல்லாம் பின் லாக்கர் இருந்தும் போதாத இடங்கள்.

கம்பெனிகள் என்ன தேர்ந்தெடுத்தன?

2020-ல் வந்த மஹிந்திரா தாரின் சில வேரியன்ட்டுகளில் பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக் உண்டு. 2024-ல் வந்த தார் ராக்ஸ் ஃபோர்-வீல் டிரைவ் மாடலில் எலெக்ட்ரானிக் பின் லாக். டொயோட்டா ஹைலக்ஸிலும் பின்பக்கம்தான். 2021-ல் பொலேரோ நியோ வந்தபோது, ஃபோர்-வீல் டிரைவே இல்லாத அந்த வண்டியின் உயர் வேரியன்ட்டிலும் பின் லாக் கொடுத்தார்கள். முன், பின் இரண்டிலும் லாக்கர் தருவது ஃபோர்ஸ் கூர்க்காவும் ஜீப் ரேங்லர் ரூபிகானும். மாருதி ஜிம்னியில் லாக்கர் கிடையாது. வழுக்கும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தி, மற்றதுக்கு விசையை அனுப்பும் முறை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெக்கானிக்கல் லாக்கர் தானாக விழும் வகை. இரண்டு சக்கரத்தின் வேகமும் நன்றாக வேறுபட்ட பிறகே பூட்டும். அதாவது ஒரு சக்கரம் முதலில் சுற்ற வேண்டும், கரிசலில் அந்தச் சுற்றலே குழி தோண்டும். சுவிட்ச் அல்லது லீவர் வைத்த லாக்கரை சகதிக்குள் இறங்கும் முன்பே போட்டுவிடலாம். முன்னா பின்னா என்பதைப் போலவே, இந்த வித்தியாசத்தையும் ஷோரூமில் கேட்க வேண்டும்.

லாக்கர் போட்டால் எங்கும் போகலாமா?

முடியாது. லாக்கர் புதிதாகப் பிடிப்பை உருவாக்காது, இருப்பதைப் பயன்படுத்தும், அவ்வளவுதான். கரிசல் டயரின் பள்ளங்களை அடைத்துவிட்டால் நாலு சக்கரமும் வழவழப்பான உருளைதான். அதனால் முதல் செலவு மண் பாதைக்கான நல்ல டயருக்கு. சாதாரணமாக 30-க்கு மேல் இருக்கும் காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து மெதுவாகப் போனாலே பல இடங்களைக் கடந்துவிடலாம். நெடுஞ்சாலை ஏறும் முன் காற்றைத் திரும்ப நிரப்ப மறக்கக் கூடாது.

சரிவில் குறுக்காகப் போகும்போதும் எச்சரிக்கை தேவை. லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சுற்றினாலும் மற்றது தரையைப் பிடித்து நிற்கும். லாக் போட்டு இரண்டும் சேர்ந்து வழுக்கினால், வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி நகரும். தார் ரோட்டில் லாக் போட்டு ஓட்டவே கூடாது: திரும்பாது, ஆக்சிலும் அடிபடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஈரக் கரிசலில் வண்டியை உறுமவிட்டு வெளியே வந்துவிடலாம். ஆனால் நாம் விட்டுப்போன ஆழமான தடத்தில்தான் மறுநாள் காலை யாரோ ஒருவர் பால் கேனோடு பைக்கில் வர வேண்டும்.

சுருக்கமாக

* வயல் பாதை, எப்போதாவது சகதி: நல்ல டயர், சரியான காற்று. லாக்கர் கட்டாயம் இல்லை.
* அடிக்கடி மேடு, சேறு, குவாரி பாதை: பின் லாக்கர்.
* பாறை ஏறுவதுதான் பொழுதுபோக்கு: பின் லாக்கரோடு முன் லாக்கரும். சிக்கினால் முதலில் பின் லாக்கைப் போடுங்கள், போதாவிட்டால் மட்டும் முன் லாக். நேராக வெளியே வந்ததும் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.
* வெளியில் லாக்கர் பொருத்துவதாக இருந்தால், வாரன்ட்டி என்னவாகும் என்பதை வண்டி கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

எதுவும் புரியவில்லையா? ஊரில் டிராக்டர் ஓட்டும் சித்தப்பாவிடம் அந்தப் பெடலை எப்போது மிதிப்பார், எப்போது விடுவார் என்று கேட்டுப் பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிடும்.