சிறைக்காவலன் கேட்ட விளக்கு





பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையின் நள்ளிரவை (அப்போஸ்தலர் 16) நாம் எத்தனையோ முறை தியானித்திருக்கிறோம். பவுலும் சீலாவும் துதித்ததையும் அஸ்திபாரங்கள் அசைந்ததையும் பிரசங்கிக்கிற நாம், 29-ஆம் வசனத்தில் சிறைக்காவலன் முதலாவது எதைக் கேட்டான் என்பதைக் கவனியாமல் கடந்துபோகிறோம். அவன் விளக்கு கேட்டான். சற்று முன்னர்தான் கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணி, தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளப் பட்டயத்தை உருவியிருந்தான். கதவுகள் திறந்து கிடந்தது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே ஒருவரும் அசையாமல் இருந்தது தெரியவில்லை. இருட்டில் மனம் முதலாவது கெட்டதையே நம்பும்.

இம்மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டது, சட்டைப்பையில் அடங்குகிற, சார்ஜ் செய்து பயன்படுத்தக்கூடிய சிறிய டார்ச் விளக்கைக் குறித்து. ஒரு போதகருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். டாலிகஞ்சில் நான் கண்ட ஒரு காரியமே இதை எழுத என்னை ஏவியது.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் வங்கக் கரையைக் கடந்தது. அன்று மாலை கொல்கத்தாவில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. நாடு முழுவதும் ஊரடங்கு நிலவிய காலம் அது. தென் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்து மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு விழுந்தன. டாலிகஞ்ச் என்றால் சினிமாப் படப்பிடிப்பு நிலையங்களும் அவற்றின் பெரிய பெரிய விளக்குகளும்தான் அநேகருக்கு நினைவுக்கு வரும். அந்த இரவு அதன் சந்துகளில் தன் கையைத் தானே பார்க்க முடியாத இருள். எங்கள் சந்துக்கு நான்கு இரவுகள் கழித்தே மின்சாரம் வந்தது.

சாரு மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு வாடகை அறையில் நம் சபையின் இளம் சகோதரி ஒருவர் தோழியோடு தங்கியிருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. மருத்துவமனை ஒன்றில் செவிலியர். புயல் இரவில் ஜன்னல் வழியே புகுந்த தண்ணீரைத் துடைக்கவும், துணிகளை மேலே ஏற்றிவைக்கவும், கீழ்வீட்டு வங்காளப் பாட்டியம்மாவைப் படியேற்றி அழைத்துவரவும் இருவருடைய கைப்பேசி வெளிச்சத்தையே பயன்படுத்தினார்கள். விடியும்முன் இரண்டும் அணைந்துபோயின. மறுநாள் சிக்னல் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. ஆனால் அதைப் பெற்றுக்கொள்ளக் கைப்பேசியில் உயிரில்லை. ஊரில் தாயாரோ தொலைக்காட்சியில் விழுந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு, மகளுக்கு என்ன ஆயிற்று என்று அறியாமல் இரண்டு நாள் உபவாசத்தில் இருந்தார். முடிவில் என்னை அழைத்தார்.

என் கைப்பேசி பிழைத்திருந்ததற்கு என் புத்தி காரணமல்ல. ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய இரண்டு கட்டை டார்ச் ஒன்று வீட்டில் கிடந்தது, அவ்வளவுதான். மரங்களைத் தாண்டியும் சுற்றியும் அந்த அறைக்குப் போய்க் கைப்பேசியைக் கொடுத்தேன். “அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலம்மா” என்பதற்குமேல் அந்தப் பிள்ளையால் பேச இயலவில்லை. பிற்பாடு என்னிடம், “பாஸ்டர் ஐயா, வெளிச்சத்துக்காக போனைச் செலவழிச்சிட்டேன்” என்றார்.

பட்டணத்தில் தனியே வாழும் பிள்ளைகளே, இந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி உங்கள் குரல். அதை விளக்காக எரித்துவிடாதீர்கள். விளக்கு வேறாக இருக்கட்டும். பத்துக் கன்னிகைகளின் உவமையில் (மத்தேயு 25) எண்ணெய் கொடுக்க மறுத்த ஐவரைக் கஞ்சர்கள் என்று சிலர் வாலிபர் கூட்டத்தில் என்னிடம் வாதிட்டதுண்டு. பகிர்ந்திருந்தால் பாதி வழியில் பத்து விளக்கும் அணைந்திருக்கும் என்பதே காரியம். ஒரே பேட்டரியிலிருந்து குரலும் வெளிச்சமும் எடுக்கிறவனுக்கும் அதுவே நேரிடுகிறது.

சரி, எதை வாங்குவது? உத்தம் குமார் பெயர் சூட்டப்பட்ட நம் டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்தில் ஏறி சாந்தனி சௌக்கில் இறங்கினால் கடைகளில் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. பெட்டிகளின்மேல் 5,000 லூமென், 10,000 லூமென் என்று அச்சடித்திருப்பார்கள். லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய 12 லூமென் தரும். பழைய 60 வாட் குண்டு பல்பு 700 முதல் 800 வரை தரும். அப்படியானால் விரலளவு டார்ச்சுக்குள் பன்னிரண்டு குண்டு பல்புகள் ஒளிந்திருப்பதாக நம்மை நம்பச் சொல்லுகிறார்கள்! கள்ளத்தராசைக் குறித்து நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம் சொல்வது இவர்களுக்கும் பொருந்தும்.

உண்மைக் கணக்கு எளியது. 10 மில்லிமீட்டர் குறுக்களவும் 44 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, 10440 என்னும் எண் கொண்ட லித்தியம் பேட்டரியில் ஒரு வாட்-மணிக்குச் சற்று அதிகமான மின்சாரமே அடங்கும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தரும். ஆகவே 100 லூமெனில் எரித்தால் சுமார் ஒரு மணி நேரம். 5 லூமெனில் எரித்தால் பதினைந்து, இருபது மணி நேரம். ஓர் இரவுக்கு நான்கைந்து மணி நேரம் வீதம் நான்கு இரவுகளுக்கு அது போதும். 5 லூமென் மிகவும் அற்பம் என்று நினையாதிருங்கள். கண் இருளுக்குப் பழகியபின் படி இறங்கவும் மருந்துச் சீட்டை வாசிக்கவும் அதுவே ஏற்றது. ஆகையால் அதிகபட்ச வெளிச்சம் எவ்வளவு என்று கேளாமல், குறைந்தபட்ச வெளிச்சம் எவ்வளவு, அதில் எத்தனை மணி நேரம் எரியும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எப்.எல்.1 என்னும் அளவுமுறையைக் குறிப்பிட்டிருந்தால் ஓரளவு நம்பலாம். ஆனால் அந்த முறையில், தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரையுள்ள முழு நேரத்தையும் எரியும் நேரமாகக் கணக்கிடுவார்கள் என்பதை மறவாதிருங்கள்.

நீர்காப்பைக் குறித்து: ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரல் தாங்கும்; ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும். கொல்கத்தா மழைக்கு இரண்டாவதே வேண்டும். சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தி மூடாவிட்டால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. சி-வகைத் துளையுள்ள மலிவான சில டார்ச்சுகள், இரு முனையும் சி-வகையாயுள்ள கேபிளில் சார்ஜ் ஏறுவதில்லை. உங்கள் கேபிளைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே சோதியுங்கள். பேட்டரியைக் கழற்றி, பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண ட்ரிபிள் ஏ பேட்டரியையும் போட்டுக்கொள்ளக்கூடிய வகை கிடைக்குமானால் அதுவே நலம். நெடுநாள் மின்சாரம் இல்லாதபோது கைகொடுக்கும். ஆனால் 1.5 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட டார்ச்சில், அளவு ஒத்திருக்கிறதென்று 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியைத் திணித்துவிடாதீர்கள். விளக்கு கருகிவிடும்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் டார்ச்சை சார்ஜில் போடுவது என் வழக்கம். நீங்கள் வேறொரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். நாள் ஒன்று இருக்கவேண்டும். தலையணைக்கு அடியிலோ மெத்தையின்மேலோ வைத்து சார்ஜ் செய்யலாகாது. பேட்டரி உப்பியிருந்தால் இரக்கம் பாராமல் அகற்றிவிடுங்கள். சட்டைப்பையில் தானே எரிந்து சூடாகாதபடி சுவிட்சைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில வகைகளில் தலைப்பகுதியைச் சற்றுத் திருகித் தளர்த்தினாலே போதும். அறை முழுவதற்கும் வெளிச்சம் வேண்டுமானால், டார்ச்சை ஒரு தம்ளருக்குள் நிறுத்தி வெள்ளையடித்த கூரையைப் பார்க்கவிடுங்கள். குடும்பமாக அமர்ந்து ஜெபிக்க அந்த வெளிச்சம் போதும். மெழுகுவர்த்தியைப்போலத் திரைச்சீலையைப் பற்றவைக்கவும் செய்யாது.

எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்காதீர்கள். முழு இரவு ஜெபம் முடிந்து சந்து வழியே திரும்பும் நம் சகோதரர்கள் சிலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. கெத்செமனேக்கு வந்தவர்கள் கைகளிலும் தீவட்டிகள் இருந்தன என்று அவர்களுக்கு நினைப்பூட்ட விரும்புகிறேன். ரயிலிலும் அப்படியே, நடு பெர்த்தில் இருந்து இறங்குகையில் விரல்களால் வாயைப் பாதி மூடிக்கொண்டால் செருப்பைத் தேட வெளிச்சம் கிடைக்கும், எதிர் பெர்த்துக் குழந்தையும் விழிக்காது.

இன்னொன்றைப் பயத்தோடே எழுதுகிறேன். 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் கொல்கத்தாவில் ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் மழை கொட்டியது. தெருக்களில் தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் மாண்டார்கள். சைக்கிளில் போனவர்களும் கடை திறக்கப் போனவர்களும் அவர்களில் உண்டு. தண்ணீருக்குமேல் தொங்கும் கம்பியை டார்ச் காட்டும். தண்ணீருக்குள் பாய்கிற மின்சாரத்தை எந்த டார்ச்சும் காட்டாது. கையில் வெளிச்சம் இருக்கிறதென்ற தைரியத்தில் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். விளக்குக் கம்பத்தையும் இரும்புக் கதவையும் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். அப்படிப்பட்ட இரவில் டார்ச்சின் வேலை, வீட்டுக்குள் மெயின் சுவிட்சைக் கண்டுபிடித்து, தண்ணீர் அந்த மட்டத்தை எட்டுமுன்னரே, காய்ந்த கையால் அணைப்பதற்கு உதவுவது. பிறகு மேல்மாடிக்குப் போய் விடியும்வரை காத்திருங்கள். ஆராதனைக்குப் பிந்துகிறோமே, வேலைக்குப் பிந்துகிறோமே என்று கலங்கவேண்டாம். உங்கள் போதகர் காத்திருப்பார்.

விலையைக் கேட்கிறீர்களா? குடும்பமாக ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுக்குள் நல்லதொன்று கிடைக்கும். ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். பெரியதாக ஒன்றை வாங்கி அலமாரிக்குள் வைத்தால், இருட்டில் அந்த அலமாரியைத் தேடக் கைப்பேசியையே எடுப்பீர்கள். படுக்கையிலிருந்து கை எட்டும் தூரத்திலோ கதவின் உட்புறத்திலோ எப்பொழுதும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அந்தச் சகோதரி இப்பொழுது திருமணமாகி வேறொரு நகரத்தில் இருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் பேசுகையில், “டார்ச் எங்கே இருக்கிறதம்மா?” என்று கேட்டேன். “கதவுக்குப் பின்னால ஆணியில பாஸ்டர் ஐயா. பிள்ளைதான் தினமும் எடுத்து விளையாடித் தீர்த்திடுறான்” என்றார். ஆணியை இன்னும் ஒரு முழம் உயர்த்தி அடிக்கச் சொன்னேன்.