மூலையில் கிடக்கும் மொனிட்டருக்காக ஒரு வேண்டுகோள்

நமது பகுதியில் கணினி வாங்கிய வீடுகள் பலவற்றில் அலுமாரிக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு பழைய மொனிட்டர் கிடக்கிறது. மேசைக் கணினி பழுதாகி, அதன் இடத்துக்கு மடிக்கணினி வந்த நாளிலிருந்து அதைத் தேடுவார் இல்லை. "புதியதில் இதன் வயரைச் செருக இடமில்லையே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். ஒரு நல்ல பொருளை ஒதுக்கிவிட இந்தக் காரணம் போதாது என்பதே என் கருத்து.

உயர்தரம் படிக்கும் நமக்கு அந்தத் திரை எவ்வளவு தேவை என்று சற்று யோசியுங்கள். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கிய சூம் வகுப்புகள் இன்றும் முற்றாக நிற்கவில்லை. சிறிய திரையில் ஆசிரியரின் விளக்கம் ஓடும்போது கடந்தகால வினாத்தாளையும் அதிலேயே திறக்க வேண்டியிருக்கிறது. ஒன்றைப் பார்த்தால் மற்றது மறைந்துவிடும். மணிக்கணக்கில் குனிந்திருப்பதால் கழுத்தும் வலிக்கும். புதிதாக ஒரு மொனிட்டர் வாங்கலாம் என்றால், 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபா வரை ஏறியதை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை.

வயர் ஏன் பொருந்தவில்லை? பழைய மொனிட்டரில் 15 துளைகள் கொண்ட நீல நிற வாய் இருக்கும். இது 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறை. அதில் படம் ஒப்புமைச் சமிக்ஞையாக, அதாவது ஏறி இறங்கும் மின்னழுத்தமாகச் செல்கிறது. இன்றைய மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. வாயிலிருந்து வருவதோ இலக்கமுறைச் சமிக்ஞை. 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் டெல், லெனோவோ, சம்சுங், எல்.ஜி. ஆகியவற்றுடன் சேர்ந்து, 2015அளவில் வி.ஜி.ஏ.யைக் கைவிடப் போவதாக அறிவித்தன. ஆகவே நம் மொனிட்டர் கெட்டுப்போகவில்லை. அதன் மொழிதான் பழையதாகிவிட்டது. தேவைப்படுவது ஒரு மொழிபெயர்ப்பாளர் மட்டுமே.

அந்த மொழிபெயர்ப்பாளர்தான் உள்ளங்கையில் அடங்கும் ஒரு மாற்றி. புதிய மொனிட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான் அதற்குச் செலவாகும். வாங்கும்போது 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு' என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். எதிர்த்திசை மாற்றி வேலை செய்யாது. மொனிட்டரில் வெள்ளை நிற டி.வி.ஐ. வாய் இருந்தால் இன்னும் எளிது, அதற்கேற்ற கேபிளே போதும். மடிக்கணினியில் யூ.எஸ்.பி. சி வாய் மட்டும் இருந்தால், அது படத்தை வெளியே அனுப்பக்கூடியதா என்று முதலில் விசாரியுங்கள். எல்லா சி வாய்களும் அப்படிப்பட்டவை அல்ல. இணைத்த பின் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, 'நீட்டி' என்ற பொருள் தரும் தெரிவை எடுத்தால் இரண்டு திரையும் ஒரே மேசைபோல் ஆகிவிடும். வி.ஜி.ஏ. கேபிளில் ஒலி போகாது. அதனால் ஒலி மடிக்கணினியிலேயே கேட்கட்டும்.

"பழைய திரை கண்ணுக்குக் கெடுதி, மின்சாரமும் தின்னும்" என்று சிலர் சொல்லலாம். பெட்டிபோன்ற கனமான மொனிட்டரைப் பொறுத்தவரை அது நியாயம்தான். அதற்கு ஓய்வு கொடுக்கலாம். தட்டையான திரை மினுங்காமல், எழுத்துகள் தெளிவாகத் தெரியும்வரை ஒதுக்கத் தேவையில்லை. உண்மையிலேயே கெட்டுப்போனதைக் குப்பையோடு எரிக்கவோ உடைக்கவோ கூடாது. பெட்டி மொனிட்டரின் கண்ணாடியில் ஈயமும் பழைய தட்டைத் திரைகளின் விளக்கில் பாதரசமும் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளர்களிடமே அதைக் கொடுக்க வேண்டும். 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 வீதம் மட்டுமே. இன்னும் வேலை செய்யும் ஒரு திரையை அந்தக் குவியலில் சேர்ப்பது வீண்விரயம் அல்லாமல் வேறென்ன?

தோழியரே, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு வயரைச் செருகவும் "நானா வரட்டும்" என்று காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பாடமாக எடுத்துச் சமிக்ஞைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், ஒரு திரையை இணைக்க ஏன் தயங்க வேண்டும்? பத்து நிமிட வேலை இது. பொருந்தாத வாயில் எதையும் பலவந்தமாகச் செருகாமலும் மொனிட்டரின் பின்மூடியைத் திறக்காமலும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பழைய இரும்பு வியாபாரியிடம் மொனிட்டரை நிறுத்துக் கொடுப்பதற்கு முன் உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள்: நூலகத்தில் அகராதி இரவல் தருவதுபோல, நான்கைந்து மாற்றிகளை வாங்கி வைத்து இரவல் தந்தால் என்ன? தன் வீட்டுத் திரை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே ஒவ்வொரு மாணவியும் சோதித்துப் பார்த்துக்கொள்வாள்.